உம்மா சொல்லாமல் விட்ட குளிசை

எங்கள் வீட்டில் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு தாளை யாரிடமும் கொண்டுபோய்க் காட்டாமல் தானே வாசித்த முதல் ஆள் நான். வாப்பா மற்றவர்களின் வயலில் முல்லைக்காரராக இருந்தவர். விதைப்பிலிருந்து அறுவடை வரைக்கும் வயல் வாடியிலேயே தங்கி, தண்ணீர் கட்டி, பன்றிக்கும் யானைக்கும் காவல் இருந்து, விளைச்சலில் தனக்குரிய பங்கோடு வீடு வருவார். உம்மா குர்ஆன் ஓதுவார். தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாது. அரச கடிதம் ஏதும் வந்தால் அதை எடுத்துக்கொண்டு இரண்டு ஒழுங்கை தாண்டி ஓர் ஆசிரியர் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். நான் பட்டம் முடித்து வந்த பிறகு அந்த நடை நின்றது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைதான்.

ஆகவே வாப்பா பதினொரு நாள் ஆஸ்பத்திரி வாட்டில் இருந்து, டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பப்பட்டபோது, மருந்து விவரம் எழுதிய தாளும் மருந்துகளும் நேராக என் கைக்கு வந்தன. வாப்பாவின் இதயம் பலம் குறைந்திருந்தது. கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, கடைசியில் இருந்தபடியே நித்திரை கொள்ளும் நிலையில்தான் அவரை அங்கே கொண்டுபோனோம். திரும்பும்போது ஒன்பது வகைக் குளிசைகள் ஒன்பது சிறிய கடதாசி உறைகளில் இருந்தன. அன்று வாட்டில் இன்னும் பலருக்கு டிக்கட் வெட்டியிருந்தார்கள். தாதி வேகமாக ஒவ்வோர் உறையையும் தொட்டுச் சொல்லி, விளங்கினதா என்று கேட்டார். ஓம் என்றேன். விளங்கியதாகத்தான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பெரிய தாளில் கோடு போட்டு அட்டவணை செய்தேன். மருந்தின் பெயர், எதற்கு, எத்தனை, எந்த நேரம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா. வாட்டிலிருந்து வந்த ஒன்பதையும் நீல மையில் எழுதினேன். அதற்கு முன்பே வாப்பா எங்கள் ஊர்க் கிளினிக்கில் மாதா மாதம் எடுத்துவந்த மூன்று வகை வீட்டில் இருந்தன: சீனி வருத்தத்துக்கு, கொழுப்புக்கு, பிரஷருக்கு. அவற்றை நிறுத்தும்படி புதிய தாளில் எங்கும் இல்லை. நிறுத்தச் சொல்லாததைத் தொடர வேண்டும் என்று நானே முடிவு செய்து, அந்த மூன்றையும் சிவப்பு மையில் கீழே சேர்த்தேன். குசினிச் சுவரில் ஒட்டினேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

உம்மாவுக்கு அந்த அட்டவணை தேவைப்படவில்லை. முதல் நாள் நான் வாசிக்க வாசிக்க, அவர் ஐந்து சிறிய கிண்ணங்களை வரிசையாக வைத்து, சுபஹ், லுஹர், அஸர், மஃரிப், இஷா என்று ஐந்து தொழுகை வக்துக்கும் குளிசைகளைப் பிரித்துப் போட்டார். அவருடைய நாள் அப்படித்தான் ஓடுகிறது. எட்டு மணி, இரண்டு மணி என்பது அவருக்கு வெளியாருடைய கணக்கு. குளிசைகளுக்கும் அவரிடம் பெயர் இருந்தது. நடுவில் கோடு போட்டது, கோடு போடாதது, மாதுளை விதை, அரை நிலா. ஒருதரம் சொன்னால் போதும், மாறாது. அன்று நான் அதை வேடிக்கையாகத்தான் பார்த்தேன்.

நோயாளியை வருத்தம் பார்க்க வருவது எங்கள் ஊரில் கடமை. வராமல் விட்டால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். வெறுங்கையோடும் வருவதில்லை. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ உம்மாவின் உறவுக்காரி ஒருவர் ஒரு போத்தல் கருஞ்சீரக எண்ணெய் கொண்டுவந்து, காலையும் மாலையும் ஒரு கரண்டி கொடுக்கும்படி சொன்னார். நான் எல்லோர் முன்னாலும் அதைத் திருப்பி நீட்டினேன். இதயத்துக்கு மருந்து எடுக்கிற ஆளுக்கு இப்படிக் கண்டதையும் கொடுக்க முடியாது, டொக்டர் சொல்லாத எதுவும் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்றேன். சொன்னதில் பிழை இல்லை. சொன்ன விதம் பிழை. அவர் தேநீரைக் குடிக்காமல் எழும்பிப் போனார். உம்மா அன்று முழுவதும் என்னோடு கதைக்கவில்லை.

முதல் வாரம் வாப்பா நன்றாகத்தான் தேறினார். வீக்கம் வற்றியது. படுத்து உறங்கினார். இரண்டாவது வாரத்தின் நடுவில், தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளுச் செய்துவிட்டுக் குழாயடியில் நிமிர்ந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். கண் இருட்டியது என்றார். அடுத்த நாளும் அப்படி. நான்காம் நாள் லுஹர் தொழுகையில், நெற்றி பதித்த ஸுஜூதிலிருந்து எழும்பியவர் பக்கவாட்டில் சாய்ந்து, பாயில் தோள் அடிபட விழுந்தார்.

வாட்டில் இருக்கும்போது வாப்பா என்னிடம் கேட்ட ஒரே விடயம், பள்ளிக்கு நடந்துபோய் நின்று தொழ முடியுமா என்பதுதான். டொக்டரிடம் கேட்டுச் சொல்லும்படி இரண்டு தடவை நச்சரித்தார். மெல்ல மெல்ல முடியும் என்று டொக்டர் சொன்ன பிறகுதான் அவருடைய முகம் மலர்ந்தது. இப்போது கதிரையில் இருந்து தொழுங்கள் என்று நான் சொல்லவேண்டி வந்தது. இதயம் திரும்பவும் விழுகிறது என்று நான் நினைத்தேன். அவரும் அதையேதான் நினைத்திருக்கிறார். கடன் கிடன் ஏதும் இல்லை, நோன்பு மட்டும் சிலது பாக்கி என்று உம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

அடுத்த நாள் காலை அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு வரச் சொன்ன நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அதை முன்னுக்கு எடுக்க முடியுமா என்று கேட்பதுதான் என் நோக்கம். எங்கே கேட்பது என்று தெரியாமல், மருந்து கொடுக்கும் யன்னலில் கூட்டம் குறைவாக இருந்ததால் அங்கே போனேன். உள்ளே இருந்த மருந்தாளருக்கு என் வயதுதான் இருக்கும். நெற்றியில் சிறிய பொட்டு. காரைதீவுப் பக்கத்து ஆள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, என்ன மருந்து எடுக்கிறார் என்றார். என் அட்டவணையின் படத்தைக் கைபேசியில் காட்டினேன். அவர் அதைப் பெரிதாக்கி, மேலிருந்து கீழே மெதுவாகப் பார்த்தார்.

“இதை ஆரு எழுதின?”

“நான்தான்.”

“வடிவா எழுதியிருக்கீங்க. ஆனா இது, என்ன குடுக்கணும் எண்டு நீங்க எழுதின. என்ன குடுபடுது எண்டு எனக்குத் தெரியணும். குளிசைய எடுத்துக் கையில குடுக்கிற ஆரு?”

“உம்மா.”

“அப்ப எனக்கு உம்மாதான் வேணும்.”

அந்தப் பதில் எனக்குக் கொஞ்சம் உறைத்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் விட்டுவிட்டார். நாளைக்கு என்று தள்ள வேண்டாம், இன்றைக்கே வாப்பாவையும் உம்மாவையும் கூட்டிக்கொண்டு வரும்படி சொன்னார். வீட்டில் மருந்து என்று எது கிடந்தாலும், பழசோ புதுசோ, எண்ணெயோ தூளோ, ஒன்றையும் விடாமல் ஒரு பையில் போட்டுக் கொண்டுவர வேண்டும். நான் சரி பிழை பார்த்துத் தெரிந்தெடுக்கக் கூடாது என்றும் சொன்னார். அதற்கிடையில் தானே போய் கிளினிக் டொக்டரிடம் சொல்லி வைப்பதாகச் சொன்னார்.

ஓட்டோ பிடித்து நாங்கள் மூவரும் போய்ச் சேரும்போது லுஹருக்கு நேரம் கிட்டியிருந்தது. டொக்டர் வாப்பாவைப் படுக்க வைத்து பிரஷர் பார்த்தார். பிறகு எழும்பி நிற்க வைத்துப் பார்த்தார். நிற்கும்போது நன்றாக இறங்கியிருந்தது. இதயம் மோசமாகவில்லை, நெஞ்சு துப்புரவாகத்தான் இருக்கிறது, மருந்தைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று எங்களை மருந்தாளரிடமே அனுப்பினார்.

மருந்தாளர் யன்னலை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தார். பக்கத்தில் இருந்த சிறிய அறையின் மேசையில் அவருடைய சோற்றுப் பார்சல் பிரிக்கப்படாமல் இருந்தது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு, உம்மாவின் பையை அந்த மேசையில் மெதுவாகக் கவிழ்த்தார். கடதாசி உறைகள், பழைய கிளினிக் பை, இருமல் பாணி, தைலம், இரண்டு வருடத்துக்கு முந்திய முழங்கால் குளிசை. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இது எது உம்மா, எப்ப குடுக்கிற என்று கேட்டார். உம்மா தன்னுடைய பெயர்களில் சொன்னார். கோடு போட்டது சுபஹுக்கு. அரை நிலா மஃரிபுக்கு. மாதுளை விதை இஷாவுக்குப் பிறகு. மருந்தாளர் சிரிக்கவில்லை. திருத்தவும் இல்லை. உம்மாவின் பெயரை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் மருந்தின் பெயரை எழுதிக்கொண்டே வந்தார்.

என் சிவப்பு மை வரிகளுக்கு வந்தபோது நின்றார். பழைய கிளினிக்கின் பிரஷர் குளிசையை எடுத்து, வாட்டிலிருந்து கொடுத்த ஓர் உறையின் பக்கத்தில் வைத்தார். வாட்டில் அந்தப் பழையதை நிறுத்திவிட்டு இந்தப் புதியதைத் தொடங்கியிருக்கிறார்கள், இரண்டும் சேரக் கூடாது என்றார். நிறுத்தினோம் என்று தாளில் எழுதியிருக்க வேண்டும், எழுதாதது எங்கள் பக்கத்துப் பிழை என்று அவரே சொன்னார். எனக்கு முகம் சுட்டது. நான் கேட்டிருக்கலாம். வாசிக்கத் தெரிந்தவளுக்குக் கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

அத்தோடு முடிந்தது என்று நான் எழும்பப் பார்த்தேன். அவர் எழும்பவில்லை. முதல் வாரமும் இந்த இரண்டும்தான் சேர்ந்து போயிருக்கின்றன, அப்போது தலைச்சுற்று இல்லையே, நடுவில் வேறு ஏதோ நடந்திருக்க வேண்டும் என்றார். வேறு மருந்து ஏதும் எடுத்தாரா என்று அவர் கேட்பார், இல்லை என்று நாங்கள் சொல்வோம் என்று எதிர்பார்த்தேன். அவர் அதைக் கேட்கவே இல்லை.

“உம்மா, வருத்தம் பாக்க ஆரெல்லாம் வந்தாங்க?”

உம்மாவுக்கு அது பிடித்த கேள்வி. ஒவ்வொருவராகச் சொன்னார். யார் தோடம்பழம் கொண்டுவந்தார், யார் பிஸ்கட், யார் திராட்சை. மோல்ட் பால்மா டின் கொண்டுவந்த வயல் கூட்டாளியைச் சொன்னபோது, அதுவரை கண்ணை மூடி இருந்த வாப்பா வாய் திறந்தார்.

“டின்ன வெச்சிட்டு அதுலயே ரெண்டு கப் குடிச்சிட்டுத்தான் போனான். அவனுக்குத் தலை சுத்தினதா எண்டு அவனிட்டயும் கேளுங்க மிஸ்.”

மருந்தாளர் சிரித்தார். எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு, அவசரமே இல்லாத ஆள் போல உம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

“வர ஏலாம, ஆரும் குடுத்து விட்டாங்களா?”

உம்மா என்னைப் பார்த்தார். பிறகு தன் முந்தானையைப் பார்த்தார். முந்தானையில் ஒரு முடிச்சு இருந்தது. அதை அவிழ்த்து, ஒரு குளிசை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். வெள்ளித் தாளில் அரபி எழுத்து. பாதி முடிந்திருந்தது.

எங்கள் வளவுக்கு முன் வீட்டுக்காரர் மௌத்தாகி இரண்டு மாதம். அவருடைய மனைவி இத்தாவில் இருக்கிறார்; கணவர் இறந்ததிலிருந்து நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளிக்கிட மாட்டார். வாப்பாவின் உயிர்க் கூட்டாளியின் மனைவி, வருத்தம் பார்க்க வர முடியாமல் தவித்திருக்கிறார். தன் கணவருக்கு மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய குளிசைகள், உடைக்காதது, நல்ல சாமான், வீணாக்கினால் பாவம். இவருக்கும் நெஞ்சு வருத்தம்தானே. மௌத்தானவருக்கு நன்மை போய்ச் சேரட்டும் என்று ஸதகாவாக, தர்மமாக, மருமகளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். இரண்டாவது வாரத்தின் தொடக்கத்தில்.

“மறைக்கணும் எண்டில்ல மிஸ்,” என்றார் உம்மா. “மையத்துட பேரால வந்த சாமான வேணாம் எண்டு எப்பிடிச் செல்லுற? இவக்கிட்டச் சென்னா ஏசுவா. அதான் செல்லல்ல.”

இவ என்றது என்னை.

நான் அட்டையைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அட்டவணைக்குள் வராத ஒரு குளிசை எங்கள் வீட்டில் ஒவ்வொரு நாளும் சுபஹுக்குப் பிறகு கொடுபட்டிருக்கிறது. நான் இல்லாத நேரத்தில் அல்ல. நான் பக்கத்து அறையில் அலுவலகத்துக்குத் தலை சீவிக்கொண்டிருக்கும்போது. கருஞ்சீரக எண்ணெயை நான் திருப்பிக் கொடுத்த அன்றைக்கே அதற்கு வழி திறந்துவிட்டேன்.

மருந்தாளர் உம்மாவை ஏசவில்லை. அந்த அட்டையைத் தூக்கி, இது நல்ல மருந்துதான், இதைக் கொடுத்தவரும் நல்ல எண்ணத்தோடுதான் கொடுத்திருக்கிறார் என்று முதலில் சொன்னார். அதற்குப் பிறகுதான் மூன்றையும் ஒரே வரிசையில் வைத்தார்: வாட்டில் கொடுத்தது, பழைய கிளினிக்கில் கொடுத்தது, வெள்ளித் தாளில் வந்தது.

“நிறம்தான் வேற. மூணும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். மூணும் பிரஷரக் குறைக்கிறதுதான். இந்த வெள்ளித் தாள் குளிசைக்குள்ள, மூத்திரமாத் தண்ணி போற மருந்தும் சேந்து கிடக்கு. தண்ணி போறதுக்கு வாட்டிலயும் ஏற்கனவே குடுத்திருக்கு.”

வாப்பா மேசையை எட்டிப் பார்த்தார். “அப்ப, எல்லா மதகையும் ஒரே நேரத்தில திறந்து விட்ட மாதிரி.”

“அதேதான் வாப்பா.”

“வயல் என்னத்துக்கு ஆகும்,” என்றார் வாப்பா, தனக்குள். முகம் தெளிந்திருந்தது. இத்தனை நாளாக அவர் எதை நினைத்துக்கொண்டு கிடந்தார் என்பது எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. தன் இதயம் முடிந்துவிட்டது என்று நினைத்த ஆளுக்கு, மதகைச் சாத்தினால் சரி என்று ஒருவர் சொல்லிவிட்டார்.

மருந்தாளர் டொக்டரிடம் போய்க் கதைத்துவிட்டு வந்தார். பழையதும் வெளிநாட்டதும் நிறுத்தம். இரத்தம் எடுத்துச் சிறுநீரகத்துக்கும் உப்புக்கும் பரிசோதனை. ஒரு வாரத்தில் திரும்ப வர வேண்டும். அதுவரை கதிரையில் இருந்து தொழ வேண்டும். இடையில் விழுந்தாலோ மயங்கினாலோ உடனே வர வேண்டும். பிறகு புதிய உறைகளில் உம்மாவின் பெயர்களையே தமிழில் எழுதி, பக்கத்தில் ஐந்து வட்டம் போட்டு, கொடுக்க வேண்டிய வக்துக்குரிய வட்டத்தை மட்டும் நிரப்பினார். எல்லாவற்றையும் உம்மாவிடம் தள்ளி, இப்போது நீங்கள் எனக்குச் சொல்லித் தாருங்கள் என்றார். உம்மா சொன்னார். ஒன்று கூடப் பிழைக்கவில்லை. அடுத்த மாதம் நிறமும் வடிவமும் மாறி வரலாம், மாறினால் இங்கே வந்து என்னிடம் கேட்காமல் ஒன்றும் கொடுக்காதீர்கள் என்று அவர் சொன்னபோது, உம்மா தலையை ஆட்டிய விதத்தில், பரீட்சை பாஸான பிள்ளையின் மிதப்பு இருந்தது.

நான் அன்று அந்த மேசையில் பார்த்த படிப்பை எங்கேயும் பார்த்ததில்லை. மருந்தின் பெயர் எனக்கும் வாசிக்கத் தெரியும். எந்த மனிதரிடம் எந்தக் கேள்வியைக் கேட்டால் உண்மை தானாக எழும்பி வரும் என்பது மருந்தாளருக்குத் தெரிந்திருந்தது. தன் ஊர் அல்லாத, தன் மார்க்கம் அல்லாத ஒரு வீட்டில், ஆள் வராமலும் ஒரு பொருள் வரும் என்று அவர் யோசித்தார். அவருடைய சோறு ஆறிப் போயிருந்தது.

திரும்பி வரும் வழியில் நான் உம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். அவருக்கு அதற்கு நேரமில்லை. முன் வீட்டுக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் அவருடைய கவலை. மௌத்தானவரின் மருந்தால் இவருக்குத் தலை சுற்றியது என்று தெரிந்தால் அந்த மனுசி உடைந்துபோவார். சொல்லாமல் அட்டையைக் குப்பையில் போட்டுவிடலாம் என்றேன். உம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

“அவட வீட்டுல இன்னும் பெட்டிக் கணக்கில கிடக்கும். நாம வாயப் பொத்தினா, அடுத்தது ஆரிட வீட்டுக்குப் போகும்?”

அன்று அஸருக்கு முன்பே முன் வீட்டுக்குப் போனோம். உம்மா அவரோடு கட்டிலில் இருந்து, சாப்பிட்டீர்களா, நித்திரை வருகிறதா என்று நெடுநேரம் கதைத்தார். பிறகு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“உங்கட நிய்யத்த அல்லாஹ் எடுத்துக்கிட்டான். நாங்க துஆக் கேட்டுத்தான் குடுத்த. ஆனா ஆஸ்பத்திரியில குடுத்த மருந்துக்குள்ள இதே சாமான் முந்தியே இரிக்கி. ரெண்டும் சேந்தா ஆள் விழுந்துருவார் எண்டு மிஸ் செல்றா.”

அவர் அழுவார் என்று நினைத்தேன். மருமகளைக் கூப்பிட்டார். வேறு இரண்டு வீட்டுக்கும் கொடுத்திருக்கிறேன், இப்பவே போய் வாங்கிக்கொண்டு வா, நான் கேட்டேன் என்று சொல் என்றார். மஃரிபுக்குள் எல்லாம் திரும்பி வந்தன. அலமாரியில் இருந்ததையும் சேர்த்து உம்மாவின் கையில் கொடுத்து, அந்த மிஸ்ஸிடமே ஒப்படைத்துவிடும்படி சொன்னார். வெளியே வர முடியாத அந்தப் பெண், இருந்த இடத்திலிருந்தே இரண்டு வீட்டைக் காப்பாற்றினார். அவருக்கும் எழுத வாசிக்கத் தெரியாது.

மூன்றாம் நாளே வாப்பாவின் கண் இருட்டுவது குறைந்தது. ஒரு வாரத்தில் டொக்டர் மறுபடியும் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பார்த்தார். இரத்தப் பரிசோதனையும் பரவாயில்லை. பள்ளிக்குப் போகலாம், மெதுவாக எழும்ப வேண்டும், வெயிலில் நிற்க வேண்டாம் என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வாப்பா வெள்ளைச் சாரம் உடுத்து, அத்தர் பூசி, ஜும்ஆவுக்கு நேரத்தோடு வெளிக்கிட்டார். கூட வர வேண்டாம் என்றார். உம்மாவும் நானும் வாசல் கடப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஒழுங்கை முனையில் அந்த மோல்ட் டின்காரர் எதிர்ப்பட, வாப்பா நின்றுவிட்டார். ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடமும் போயிருக்கும். வேலியைப் பிடிக்கவில்லை, மதிலில் சாயவில்லை. உச்சி வெயிலில் இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிக் கதைத்துக்கொண்டிருந்தார்.

“வெயில்ல நிக்க வேணாமெண்டு டொக்டர் சென்ன. நிண்டு கதைக்கிறதப் பாருங்களேன்,” என்றார் உம்மா. கூப்பிடவில்லை.